இன்சூரன்ஸில் சேராத ஆள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பதினோரு வருடமாக இங்கே வளைகுடாவில் ஒரு பறக்கும் கிளப்பில் சின்ன விமானங்களைக் கழுவித் துடைக்கிறேன். காரை எடுப்பது போல அங்கே விமானத்தையும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள்.

எடுப்பவர் தன் இன்சூரன்ஸ் தாளைக் காட்டினால்தான் சாவி. விமானத்துக்குக் கிளப் தனியாகப் போட்டிருக்கிறது. ஆனால் ஓட்டுகிறவர் கையால் சேதம் வந்தாலும், கூட ஏறியவர்களுக்கு ஏதாவது ஆனாலும் அது அவர் தலையில் விழும். அதற்காக அவர் போட்டுக்கொள்வது இது.

கூட ஏறுகிறவர்கள் பெரும்பாலும் மனைவிமார். இறங்கும்போது புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, காற்றில் கலைந்த தலையோடு சிரித்தபடி இறங்குவார்கள். அவர்கள் போன பிறகு அந்த இருக்கைகளை நான் துடைப்பேன். எனக்கும் ஊரில் இருக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்; இந்தக் கிளப்புக்கு முன்னும் எனக்கு வெளிநாட்டு வேலைதான். லீவுகளையெல்லாம் சேர்த்தாலும் நாங்கள் ஒன்றாக இருந்தது இரண்டு வருடம் தேறாது. ஒரு தடவையாவது அவளோடு பக்கத்தில் உட்கார்ந்து மேலே போக வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கேட்க வராது.

போன குளிர்காலத்தில் அவள் முப்பது நாள் விசிட் விசாவில் வந்தாள். நகரத்துக்குள் ரோலா பகுதியில் தெரிந்த குடும்பம் ஒன்று ஓர் அறையை விட்டுக்கொடுத்தது. மாதம் ஒருமுறை பறக்க வரும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவர், இதைக் கேள்விப்பட்டார்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ. நான் ஏத்திக்கொண்டு போறன்.”

“உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்” என்றேன். அன்று ஒரே இறக்கையை இரண்டு முறை துடைத்திருக்கிறேன்.

ஞாயிறு எனக்கு லீவு. அவள் பச்சைச் சேலையும், அந்த வீட்டு அம்மாவிடம் வாங்கிய கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு வந்தாள். ஏறுகிறவர்களின் பெயரையும் வேலையையும் எழுதி இன்சூரன்ஸுக்கு அனுப்ப ஒரு ஃபாரம் உண்டு. அதை நிரப்பும்போதுதான் அவர் தன் இன்சூரன்ஸ் தாளை முழுதாக வாசித்தார். பேனா நின்றுவிட்டது.

“அண்ணை, இதில ஒரு வரி கிடக்கு. கிளப்பில சம்பளம் எடுக்கிற ஆக்களை ஏத்தினா இன்சூரன்ஸ்காரர் பொறுப்பெடுக்க மாட்டினமாம். லீவு நாள் எண்டாலும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வேலைக்கு நேரை வேறை ஏதும் எழுதுவமே? ஆருக்குத் தெரியப்போகுது?”

“ஏதாவது ஆயிட்டா, அவளுக்கும் கிடைக்காமப் போயிருமா சார்?”

அவர் தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். “பொய் எழுதினது பிடிபட்டா முழுத்தாளும் செல்லாது.”

“அப்ப அவ மட்டும் போகட்டும்.”

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க இல்லாம நான் எதுக்கு? வாங்க, போயி மீன் கொழம்பு வைக்கலாம்.”

“ஏறு. உனக்கு இன்சூரன்ஸ் இருக்கு.”

“கட்டுனவரு கீழ நிக்க, நான் கண்ட மனுசனோட வானத்துல போறதா? ஊருல செருப்பால அடிப்பாக.”

“தங்கச்சி, கண்ட மனுசன் பக்கத்திலதான் நிக்கிறன்” என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு ஏறிவிட்டாள்.

நானே பெல்ட்டை மாட்டி, கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. விமானம் புள்ளியாகி மறைந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். லீவு நாளில் கையில் துணிகூட இல்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முக்கால் மணி நேரத்தில் இறங்கினாள். தலை கலைந்திருந்தது. “தாகமா இருக்கு” என்றாள். ரோலா போகும் பஸ்ஸில்தான் மேலே பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

என்னையும் ஏற்றிப்போக வேறு இன்சூரன்ஸ் விசாரிப்பதாக அவர் சொல்லியிருந்தார். அதற்குள் விசா முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போதும் ஃபோனில் பிள்ளைகள் பேச்சு முடிந்ததும் அவள் மேலே பார்த்ததைத்தான் நான் கேட்கிறேன். அவளும் சலிக்காமல் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடுகிறது.

“எடது பக்கம் கடலு. கப்பலெல்லாம் அசையாம நின்னுச்சு. அப்பறம் ஒட்டகம் ஒரு கூட்டம் ஓடுச்சுங்க.”

அந்த விமானம் எந்த வழியில் போய் எங்கே திரும்பும் என்று எனக்குத் தெரியும். அந்த வழியில் ஒட்டகம் கிடையாது.

“எத்தனை ஒட்டகம்?” என்று கேட்கிறேன்.