கரியாலூர் படத்தின் இடது ஓரம்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் கடிகாரம் ரிப்பேர் பார்த்த ஜான் பாஷாவுக்கு இரண்டு பெயர் உண்டு. நின்றுபோன கடிகாரத்தைக் கொண்டுபோனவர்கள் அவரைக் கைராசிக்காரர் என்றார்கள். போட்டோ கொண்டுபோன நாங்கள், எதைக் காட்டினாலும் ஓரத்தை வெட்டச் சொல்வதால், கத்திரிக்கோல் பாய் என்றோம். அவர் காதுபடவே சொல்வோம். அவரும் பட்டம் கொடுத்த மாதிரி சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

நாங்கள் என்றால் பெரிய கூட்டம் ஒன்றுமில்லை. உரக்கடையில் கணக்கு எழுதும் வீரமுத்து, தியாகதுருகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் செல்லமுத்து, பள்ளிக்கூட வாத்தியாரான நான், வந்தும் வராமலும் இன்னும் இரண்டொருவர். செல்லமுத்து பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். அவனுக்குச் சொந்தமாகக் கேமரா கிடையாது. பாயின் பழைய கேமராவை வாங்கிப்போய்த் தன் ஊர் ஏரியையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவான். என் படங்களில் யாருக்கும் தலை முழுசாக இருக்காது. எங்கள் யோக்கியதை இவ்வளவுதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம். சுவரெல்லாம் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். அவற்றின் கீழே சணல் கட்டி, துணி கிளிப்பில் படங்களை மாட்டுவோம். எடுத்தவன் வாயைத் திறக்கக்கூடாது என்பது பாயின் சட்டம். மற்றவர்கள் முதலில் ஒரு நல்லதைச் சொல்லவேண்டும், பிறகு ஒரு குறை, அதற்குப் பிறகு அந்தக் குறைக்கு வழி. "கொறையெ மட்டும் சொல்லிட்டு எழுந்து போனா அது வம்பு பேசறதுப்பா. வழியும் சொல்லணும்" என்பார். காலண்டர் அட்டையை 'ட' வடிவில் வெட்டிக் கறுப்பு மை பூசிய இரண்டு மட்டங்கள் வைத்திருந்தார். அவற்றைப் படத்தின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தி, வேண்டாத ஓரங்களை மறைத்து, நாங்கள் எடுத்த குப்பைக்குள்ளிருந்து ஒரு நல்ல படத்தை எடுத்துக் காட்டுவார். அதைப் பார்க்கும்போது உண்மையிலேயே உடம்பு சிலிர்க்கும்.

அவருக்குப் பிடிக்காதவை இரண்டு. படத்துக்குள் எழுத்து இருப்பது ஒன்று. "எழுத்து இருந்தா கண்ணு அங்கதான் போவும். நீ இன்னா காட்டுனாலும் பாக்காது." இன்னொன்று, ஓரத்தில் நின்று கேமராவைப் பார்த்து இளிக்கிற ஆள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. குறை நீக்கிய புதுப் பிரதி வந்ததும், பழையதை எடுத்தவனே எல்லார் முன்னாலும் கிழித்துப் போடவேண்டும். பழசு கையில் இருந்தால் மனசு பழசுக்கே போகும் என்பது பாயின் கட்சி. கிழித்ததும் கை தட்டுவோம், டீ வரும். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. நாளாவட்டத்தில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

எண்பத்தேழு செப்டம்பரில் பாய், வீரமுத்து, செல்லமுத்து, நான் என்று நாலு பேரும் கல்வராயன் மலைக்குப் போனோம். லீவு போட்டுவிட்டு ஒரு நாள் தங்குவதாகப் பேச்சு. மறுநாள் காலை கரியாலூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பஸ் வரவில்லை. கீழே இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது, ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ரேடியோ கேட்டவர்கள் சொன்னார்கள். செல்லமுத்துவின் ஜனங்கள் நடத்திய போராட்டம் அது. அவன் முகத்தில் பரபரப்பு தெரிந்தது.

"நான் ஊர்ல இருந்திருந்தா ரோட்டுல போய்க் குந்தியிருப்பேன் பாய். மரத்துமேல மட்டும் கை வைக்கமாட்டேன்" என்றான்.

"அதுக்குத்தான் அல்லா உன்னெ மலைமேல ஏத்தி வச்சிருக்கான். கம்முனு குந்து" என்றார் பாய்.

அந்தக் காலைதான் வீரமுத்து அந்தப் படத்தை எடுத்தான். ரேஷன் கடைக்கு முன்னால் ஒரு பெண் தலைச்சுமையை இறக்குகிறாள். பனி விலகி வெயில் அவள் கையில் விழுகிறது. அவளுடைய நிழல் நீளமாக இடது பக்கம் ஓடுகிறது. அந்த நிழல் போய் முடியும் இடத்தில், பலா மரத்தடியில், ரேஷன் கடையின் கரும்பலகை. தேதியும் அரிசி இருப்பும் சர்க்கரை இருப்பும் சாக்பீஸில் எழுதியிருக்கிறது. அதன்மேல் சாய்ந்துகொண்டு, கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் செல்லமுத்து.

பஸ் ஓடத் தொடங்கியபிறகு ஊர் வந்து சேர்ந்தோம். அடுத்த கூட்டத்தில் அந்தப் படம் சணலில் தொங்கியது. பாய் எழுந்துபோய்ப் படத்துக்குக் கிட்டத்தில் நின்று பார்த்தார். வீரமுத்துவுக்கு வேர்த்துவிட்டது.

"நல்ல படம். எங்க யாருக்கும் இந்த மாதிரி வந்ததில்ல. ஆனா அந்த ஓரம் இருக்கே, மொத்தத்தயும் கெடுக்குது. எழுத்தும் இருக்குது, இளிக்கிறவனும் இருக்கறான்" என்றார் பாய்.

எல்லாரும் சிரித்தோம். எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தது செல்லமுத்துதான். "என்னெ எடுத்துடுங்க பாய். அந்தம்மாவுக்குப் பக்கத்துல நான் எதுக்கு?"

பாய் அட்டைகளை வைத்துப் பார்த்தார். இடது ஓரத்தை வெட்டினால் நிழலும் வெட்டுப்பட்டது. நிழல் இல்லாமல் அந்தப் படமே இல்லை. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கல்யாணப் படத்தில் வேண்டாத ஆளை ஸ்டுடியோக்காரர்கள் எப்படி எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நெகட்டிவைக் கூரான முனையால் சுரண்டிவிட்டால், சுரண்டிய இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். பலா மரத்தடி ஏற்கெனவே இருட்டு, அதோடு இருட்டாகக் கலந்துவிடும். இதையெல்லாம் அவர் கூட்டம் கலைந்தபிறகு வீரமுத்துவிடமும் என்னிடமும் மட்டும்தான் சொன்னார். நெகட்டிவைத் தொடாமல் ஓரத்தை அட்டையை வைத்து மறைத்துப் பிரிண்ட் போடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு செல்லமுத்து அதற்குள் சைக்கிள் ஏறிப் போய்விட்டிருந்தான்.

வீரமுத்துவுக்குக் கை நடுங்கும். அதனால் பாயே உட்கார்ந்தார். கடிகாரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்துக்குள் விடுகிற ஊசியை எடுத்துக்கொண்டு, பலகையைச் சுரண்டினார், பிறகு செல்லமுத்துவைச் சுரண்டினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பதமாகச் செய்தார். கடைசியாக முகம். நெகட்டிவில் அவன் பல் கறுப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தது என்று பின்னால் எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

புதுப் பிரதி வந்தது. அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றான் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். வீரமுத்து பழையதை எழுந்து நின்று கிழித்தான். கை தட்டினோம், டீ குடித்தோம். பிறகு ஒரு மாவட்டப் போட்டிக்கு அனுப்பி, அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, பாயின் கடையில் கல்லாவுக்கு மேலேயே மாட்டினோம். வருகிறவர்களிடமெல்லாம் பாய் அதைக் காட்டுவார். தான் சுரண்டியதை மட்டும் சொல்லமாட்டார், அதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமை.

மழைக்காலம் போய் அறுவடை நேரம். செல்லமுத்துவுக்கு அரசு வேலைக்கு உத்தரவு வந்தது. அவன் அம்மா பெரியநாயகி தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அப்புறம்தான், வேலையில் சேருமுன் நடக்கிற போலீஸ் விசாரணை வந்தது. மறியல் தொடங்கிய அன்று காலையில் தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்ததாகப் போட்டிருந்த வழக்கில் அவன் பெயரும் இருந்தது. ஊரில் வயசுப் பையன்கள் பெயரையெல்லாம் யாரோ மொத்தமாகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். வழக்கு இருக்கிறவனுக்கு வேலை கிடையாது.

அன்று மலையில் இருந்தேன் என்று நிரூபித்தால் பெயரை எடுத்துவிடலாம், ஆனால் கூட்டாளிகள் வாய்ச்சொல் போதாது, கையில் காட்டுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றாராம் வக்கீல். அதைக் கேட்டுச் செல்லமுத்து ஒரே சந்தோஷமாகக் கடைக்கு ஓடிவந்தான். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பாய், நம்ம கையிலதான் படம் இருக்கே! ரேஷன் கடை போர்டுல தேதி போட்டிருக்குது, பக்கத்துலயே நான் நிக்கறேன். இதவிட இன்னா சாட்சி வேணும்?"

பாய் கல்லாவுக்கு மேலே இருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். செல்லமுத்து சிரித்தான்.

"அது இல்ல பாய், அதுல நான் இல்ல, தெரியும். பழசெக் கிழிச்சாச்சு, அதுவும் தெரியும். நெகட்டிவ் இருக்குதில்ல? அதுலேர்ந்து புதுசா ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க வீரமுத்துவெ."

பாய் வேலையை நிறுத்தினார். அவர் கையில் பின்பக்கம் திறந்த கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதைக் கீழே வைக்கத் தெரியாதவர் மாதிரி பிடித்துக்கொண்டே இருந்தார்.

"நெகட்டிவ்லயும் நீ இல்ல தம்பி" என்றார் கடைசியில். "நான் சுரண்டிட்டேன்."

செல்லமுத்து முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தான். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலாம். "நானும்தான் எடுத்துடுங்கன்னு சொன்னேன்" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. அந்தப் பேச்சுதான் பாயை அடித்துப் போட்டது.

பாய் சும்மா இருக்கவில்லை. சட்டம் போட்ட படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, விசாரித்த அதிகாரியிடம் போனார். நானும் வீரமுத்துவும் கூடப் போனோம். மேசைமேல் படத்தை வைத்து, இடது ஓரத்தில் இருட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த இருட்டுதான் சார் செல்லமுத்து. இங்க போர்டு இருந்துது, அதுல தேதி இருந்துது. படம் நல்லா வரணும்னு நாந்தான் சுரண்டி எடுத்துட்டேன்."

அதிகாரி படத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் சிரித்திருப்பேன். மலையில் எடுத்த மற்றப் படங்களில் தேதி சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. ரேஷன் கடைக்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். தேடிப் பிடித்தோம். போட்டோ எடுத்தவர்கள் வந்தது நினைவிருக்கிறது, எந்தத் தேதி என்று சத்தியம் பண்ணமுடியாது என்றார். நேர்மையான மனிதர், அவரையும் திட்டமுடியவில்லை.

வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, சாட்சி இல்லையென்று தள்ளுபடி ஆனது. அதற்குள் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. எந்த வேலைக்காக அவன் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களோ, அந்த வேலை கைக்கு வந்து போனது. செல்லமுத்து அப்பாவின் கரும்புக் காட்டுக்கே திரும்பினான். கடிகாரம் நின்றால் பாயிடம்தான் கொண்டுவருவான், எப்போதும் போல நல்லபடியாகப் பேசுவான். கேமராவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

பாய் அந்தப் படத்தை மறுபடி சுவரில் மாட்டவேயில்லை. அந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கொஞ்ச நாள் கூடிப் பார்த்தோம். எதை மாட்டினாலும் "நல்லா இருக்குப்பா" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தலையில்லாத என் படங்களுக்கும் அதே நல்லா இருக்கு. ஒரு நாள் வீரமுத்து அழாத குறையாகக் கெஞ்சினான்: "இன்னா கொறைன்னு சொல்லு பாய், ஒண்ணாவது சொல்லு." பாய் அட்டைகளைத் தொடவில்லை. அவர் வாயால் திட்டு வாங்கத்தான் நாங்கள் வந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. மாதம் ஒருவராகக் குறைந்து, கூட்டம் நின்றுபோனது.

எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். அவர் சொன்ன குறை சரியான குறை. அந்த ஓரம் படத்தைக் கெடுக்கத்தான் கெடுத்தது. சரியாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு மனிதன் இவ்வளவு தண்டனை அனுபவிக்கவேண்டுமா என்று அவரிடமே கேட்டேன். "சொன்னது சரிதான் சார். படத்துல இருக்கற ஆளெ ஆளாப் பாக்கல, அழுக்காப் பாத்தேன்" என்றார்.

சமீபத்தில் ஒரு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பாய்க்குக் காது மந்தம், கண் மட்டும் பழைய கண். செல்லமுத்து வந்தான், தலையெல்லாம் நரை. மகள் செந்தமிழ்ச்செல்விக்கு அரசு வேலை கிடைத்திருக்கிறது, இட ஒதுக்கீட்டில். அவள் வேலையில் சேர்ந்த அன்று அந்த அலுவலகத்துப் பியூன் எடுத்த படத்தைச் செல்போனில் நீட்டினான். தலைக்கு மேலே அலுவலகத்தின் பெயர்ப்பலகை, கொட்டை எழுத்து. நடுவில் மகள். இடது ஓரத்தில், பாதி சட்டையும் முழுப் பல்லுமாகச் செல்லமுத்து.

"கொறை இருந்தா சொல்லுங்க பாய். பெருசாப் போட்டு வூட்டுல மாட்டணும்."

பாய் கடிகாரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஓரத்துல நான் நிக்கறனே" என்றான் செல்லமுத்து. குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். "கண்ணு எம்பக்கம் போவுதே பாய், வெட்டிடட்டுமா?"

"ஒண்ணும் வெட்டாத" என்றார் பாய். "கண்ணு உம்பக்கமே போவட்டும் தம்பி."