ரோட்டுக்கு இது போதும்

நார்வேயின் ஃபோல்டால் பள்ளத்தாக்கில் சிக்கனக்காரி என்றால் சோல்ஃப்ரிட்டைத்தான் காட்டுவார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. மிஞ்சிய உருளைக்கிழங்கை மறுநாள் ரொட்டியாக்கிவிடுவாள். நல்ல பொருளைப் புழங்கினால் பாவம் என்பதுபோல் எடுத்து வைப்பாள்.

அந்த வியாதி ஊருக்கே உண்டு. பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸின் முனையைக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் பிடிப்பு பழசானால், அதைக் கழற்றி, கோடையில் காலுக்கொன்றாய்க் கட்டிக்கொண்டு தார்ரோட்டில் சறுக்கிப் பழகும் சக்கரப் பலகையில் மாட்டிவிடுவார்கள். பனியைவிட ரோடுதான் அதைப் போட்டுக் குலுக்கும், மணலைத் திணிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன!

பிள்ளைகள் இல்லை. ஈஸ்டருக்கு முதுகுப்பையில் ஆரஞ்சுப் பழங்களோடு, கணவன் யோஸ்டைனும் அவளும் மலைக்குடிலுக்குச் சறுக்கிப் போவதுதான் அவர்களுடைய திருவிழா. அதற்காகத்தான் கோடையெல்லாம் ரோட்டில் பயிற்சி.

போன கோடையில் யோஸ்டைன் அவளுடைய பழைய பிடிப்புகளை வழக்கம்போல் சக்கரப் பலகைக்கு மாற்றினான். பனிப் பலகைக்கென்று வாங்கிய புதுசு பெட்டியிலேயே இருந்தது. சில வாரத்தில் பழசில் ஒரு கீறலைப் பார்த்தான்.

"சோல்ஃப்ரிட், இது வாய் விட்டிருக்கு. புதுசையே மாட்டிடறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அதைப் பனிக்கு வை. ரோட்டுக்கு இது போதும். பசை போட்டு ஒட்டு."

ஒட்டினான். தேவாலயச் சரிவில் இறங்கும்போது பிடிப்பு பிளந்தது. சக்கரப் பலகைக்கு பிரேக் கிடையாது. ஒரு பலகை தன் போக்கில் ஓட, அவள் ரோட்டோரக் கம்பியில் போய் மோதினாள். முழங்கால் நொறுங்கியது. இனி மடங்காது, சறுக்குவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு குன்வோர் கடையிலேயே கேட்டாள்.

"என்ன யோஸ்டைன், பொண்டாட்டி காலையும் பசை போட்டே ஒட்டிட்டியா?"

அவன் அசடு வழியச் சிரித்துவிட்டு ரொட்டி அடுக்கைப் பார்த்தான். ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்ற சோல்ஃப்ரிட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வெட்கம் அதை விழுங்கிவிட்டது. காலைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

பனி விழுந்தது. யோஸ்டைன் பலகையைத் தொடவில்லை. முதுகு வலி என்றான். ஈஸ்டருக்குக் குடில் பூட்டியே கிடந்தது. பஸ் ஓட்டுவான், வந்து டிவி முன்னால் உட்காருவான். படியேறினால் மூச்சு வாங்கியது. எனக்காக இந்த மனுஷன் உட்கார்ந்தே சாகப்போகிறான் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

மே மாதம் ரோடு காய்ந்ததும் நொண்டி நொண்டிக் கொட்டகைக்குப் போய், பிரிக்காத பெட்டியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள்.

"இதை உன் சக்கரப் பலகைல மாட்டு."

"உன் பனிப் பலகைக்கு வாங்கினதுடி."

"எனக்கு இனிமே ஏது பனி? ரோட்டுக்குத்தான் நல்லது வேணும்."

அவன் தன் சக்கரப் பலகையை எடுத்துவந்தான். பிறகு துளைக்கருவியை எடுத்தான். அவள் விறகுக்கட்டையில் உட்கார்ந்து, மடங்காத காலை நீட்டி, மடியில் பலகையை வைத்துக்கொண்டாள்.

"யோஸ்டைன், அன்னைக்கு வேண்டாம்னது நான்தான். ஊர் உன்னை ஏசினப்போ வாயைத் திறக்காம நின்னேன்."

"தெரியும்" என்றான் நிமிராமலே. "ஆடாம பிடி, துளை விலகிடும்."

சுவரில் அவளுடைய பனிப் பலகைகள் பிடிப்பில்லாமல் சாய்ந்திருந்தன. அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.