மாலைக்குள் போன வெண்கலப் பெண்

புதுச்சேரியில் நான் நாளிதழ் நிருபராக இருந்தபோது, கடற்கரைக்குப் பக்கத்துக் கூடம் ஒன்றுக்கு ஜெர்மன் வெண்கலச் சிற்பங்கள் வந்தன. முதல் உலகப் போரையொட்டிய காலத்தவை. அதில் ஒன்று, ஒரு முழ உயரம்கூட இல்லாத ஒரு பெண். எதிர்க்காற்றில் நடக்கிறாள். தலைமுதல் கால்வரை போர்வை, முகம் குனிந்து நிழலில் மறைந்திருக்கிறது. துக்கம் முழுவதும் கைகளில்தான். இல்லாத குழந்தையை அணைப்பதுபோல் மார்போடு இறுகிய கைகள்.

அவளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் எழுத ஆசிரியரிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தேன். கைகள் தெரியும் படம் வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை இல்லை என்றார். கண்காட்சி ஒரே நாள்தான், திறப்புவிழா அன்று சாயங்காலமே சிற்பங்கள் சென்னைக்குக் கிளம்பிவிடும்.

திறந்துவைக்க வந்த மந்திரி குத்துவிளக்கு ஏற்றினார். அமைப்பாளர் அவரிடம் ஒரு ரோஜா மாலையை நீட்டினார். சிலையைக் கண்டால் மந்திரிகளின் கை செய்வதை அவர் கையும் செய்தது. வெண்கலப் பெண் மாலைக்குள் காணாமல் போனாள். பூக்குவியலின் உச்சியில் ஒரு முக்காடு மட்டும் மிச்சம். சிற்பங்களோடு வந்திருந்த ஜெர்மன் பெண்மணி, இது இந்த ஊர் மரியாதை போலும் என்று கைதட்டினார்.

"மாலைய எடுங்க, ஒரே ஒரு படம்" என்றேன் அமைப்பாளரிடம்.

"இன்னா சார் பேசுறீங்க? மந்திரி போட்ட மாலை. அவர் எதிர்லயே எடுத்துட்டு நான் இந்த ஊர்ல இருக்க வேணாமா?"

"எப்ப போவாரு?"

"சாப்ட்டுட்டுத்தான்."

எங்கள் புகைப்படக்காரர் முத்தியால்பேட்டைக்காரர். "மாலையும் போட்டாச்சு, வெளக்கும் ஏத்தியாச்சு. ஊதுவத்தி வெச்சா பதினாறாம் நாள் காரியம்ணே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மந்திரி பேசினார், பொன்னாடை வாங்கினார், நிதானமாகச் சாப்பிட்டார். அவர் கார் கிளம்பியதும் மாலையைக் கழற்றினோம். பெட்டி தூக்குபவர்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். புகைப்படக்காரர் தரையில் படுத்து எடுத்தார். கைகள் கிடைத்தன, விரல் எலும்புகூடத் தெரிந்தது.

மறுநாள் காலை எங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் மந்திரியும் மாலையும் படமாக வந்திருந்தார்கள். 'ஜெர்மன் தலைவர் சிலைக்கு அமைச்சர் மரியாதை' என்று கீழே போட்டிருந்தது. அந்த வார ஞாயிறு இணைப்பில் என் கட்டுரை இல்லை. இணைப்பைப் பார்க்கும் உதவி ஆசிரியரிடம் போய் நின்றேன்.

"அந்த சிலை படம்தான் ஏற்கெனவே போட்டாச்சே சார். ஒரே சிலைய எத்தினி வாட்டி போடுறது?"

இரண்டு படங்களையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கை தெரியுது, சரி" என்றார். "இதுல மந்திரி இல்லியே?"