நீலச் சுருள்கள்

இன்று காலை சரவணம்பட்டியில் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விடப் போனபோது, பக்கத்து லேத் பட்டறையிலிருந்து சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த வாசம் வர, சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடிக்கப்பட்டு அடுக்குமாடியாகிவிட்ட லைன் வீட்டின் முன்சுவர் அப்படியே கண்முன் வந்து நின்றது.

அப்பா லேத் ஓட்டினார். இரும்பைக் கடையும்போது சுருண்டு விழும் சீவல்களில், சூட்டில் மயில்கழுத்து நிறமேறியவற்றை மட்டும் அம்மா கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, உடைந்த பம்புசெட்டுச் சக்கரம் ஒன்றைச் சுற்றிலும் சுவரில் மாட்டிவைப்பாள். காற்றடித்தால் சுவர் முழுக்கச் சிணுங்கும், சாயங்கால வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். குப்பைக்காரி ஊடு என்று தெருவே சொன்னது. அம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்றை மாட்டினாள்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா வந்தார். "ஏனுங்க அம்மணி, நாளைக்கு எங்க சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க. இந்த ஓட்டை ஒடைசலையெல்லாம் கழட்டிப்போடுங்க."

"சாமி படத்தைக் கழட்டச் சொன்னாக்கூடக் கழட்டிப்போடுவேனுங்க. இதைக் கழட்ட மாட்டேனுங்க" என்றாள் அம்மா.

"அப்ப ஊட்டைக் காலி பண்ணிப்போடுங்க."

அப்பா திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ, நசுங்கிவிடக் கூடாதென்று ஒவ்வொரு சுருளையும் என் பாவாடைகளில் பொதிந்து, தட்டுமுட்டுச் சாமான்களுக்கெல்லாம் மேலே வண்டியில் வைத்தார். புது வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே அம்மா சுத்தியலைக் கேட்டாள்.