குழாயில் வந்த நிறம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். பண்டார் ஹிலிரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். காலில் புண் ஆறவில்லை. சர்க்கரை வியாதி என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வீட்டில் புண் என்று மட்டும் சொன்னேன்.

சிறுநீரை நானே சோதிக்கக் கற்றால்தான் வீட்டுக்கு விடுவேன் என்றார் வார்டின் தலைமைத் தாதி சிஸ்டர். சொல்லிக்கொடுக்க ஒரு தமிழ் மிஸி வந்தாள். தாதிப் படிப்பில் இருந்தாள். நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவளுக்கு ஒரு பாடமாம்.

ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை சிறுநீரில் இறங்கும் என்றாள். நீல மருந்தில் மயில்துத்தம் இருக்கிறது. அதில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினால் சர்க்கரை அதன் நிறத்தை மாற்றிவிடும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை. செங்கல் நிறம் என்றால் உடனே வர வேண்டும். எனக்கே விளங்கியது.

மறுநாள் சிஸ்டர் முன்னால் காய்ச்சினேன். வார்டே பார்த்தது. என்ன நிறம் என்றார். பச்சை என்றேன். செங்கல் நிறமாம். பக்கத்துக் கட்டில்காரருடைய சிறுநீரையும் காய்ச்சச் சொன்னார். செங்கல் என்றேன். அது பச்சை. சிஸ்டர் மிஸியைத் திட்டினார். அவள் தலை குனிந்தாள்.

வார்டில் இருந்த உஜோங் பாசிர்க்காரர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, கட்டியிருக்கிற கைலி என்னா கலரு?"

பச்சை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அது சிவப்பாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைப் பச்சை என்றே நினைத்துக் கட்டியிருந்தேன்.

மிஸி மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் வந்து மெதுவாகச் சொன்னாள். "படிப்பு இல்லாததால இல்ல அண்ணே. ஒங்க கண்ணு அப்படி, சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. வீட்டுல யாரு பாத்துச் சொல்வாங்க?"

"யாரும் வேணாம் மிஸி."

"அப்ப வீட்டுக்கு விடமாட்டாங்களே."

இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பிறகு மனைவியை வரச் சொன்னேன். என் சிறுநீர் இருந்த குழாயை அவள் வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"பச்சைங்க," என்றாள். மிஸி தலையாட்டினாள். வீட்டுக்கு விட்டார்கள்.

காஜா பேராங்கில் எங்கள் வீடு. தினமும் காலை வீட்டுக்குப் பின்னால் காய்ச்சுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி வீடு. பல தலைமுறையாக இங்கேயே இருந்து மலாய் பேசுகிறவர்கள், அவர்களுக்குத் தமிழ் வராது. இருந்தாலும் மனைவி நிறத்தை என் காதோடுதான் சொல்வாள். நான் வேலியைப் பார்த்து நிற்பேன்.

நீலம் எனக்கே தெரியும். ஆனாலும் அவள் சொல்லும் வரை காத்திருப்பேன்.