கையெழுத்துக்கு முன் ஒரு பக்கெட் மணல்

பூனோவா, மாவி தீவின் தென்கரையில் உள்ளது. அங்கே ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஐம்பத்தெட்டு மனைகள் அளக்கப்பட்டுக் கல் நடப்பட்டன. மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து கடற்கரை வரை இறங்கும் ஒரே சாலை. சாலையோரமாக ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர் குடிநீர்க் குழாய். 2018 செப்டம்பர் முதல் வாரத்தில், இனிப் பதிக்க வேண்டிய தூரம் அறுபது மீட்டர். குத்தகைப் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும் நாள் நவம்பர் பதினேழு என்று, அந்த நிலத்தை நிர்வகிக்கும் அரசுத் துறை அறிவித்திருந்தது. சாலையையும் குழாயையும் மாவட்ட நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் ஒழியப் பத்திரம் கிடையாது.

எஸெரா நைஹெ 1944இல் பிறந்தவர். மாவட்டச் சாலைப் பிரிவில் முப்பத்தோராண்டு, சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டியவர். தந்தை முழு ஹவாயர், தாய் போர்ச்சுகீசியர். மனைவி கரும்புத் தோட்டத்துப் பிலிப்பினோ குடும்பத்தைச் சேர்ந்தவர், 2006இல் காலமானார். ஒரே மகள் ஹாலியா, பிறப்பு 1968. எஸெரா மனைக்கு மனுக் கொடுத்தது 1982 மார்ச் ஒன்பதாம் நாள். அதற்குப்பின் தகப்பனும் மகளுமாகப் பதினோரு வாடகை வீடுகள் மாறினார்கள். 2018இல் அவர்கள் இருந்தது, எஸெராவின் சிற்றப்பன் மகன் விட்டுக்கொடுத்த கார் கொட்டகையில்.

சட்டம் இவ்வாறு. மனுச் செய்பவருக்குப் பாதியேனும் ஹவாய் இரத்தம் இருக்க வேண்டும். கையெழுத்தான குத்தகையைப் பெற்றோரிடமிருந்து பெறுவதற்குப் பிள்ளைக்குக் காற்பங்கு போதும். எஸெராவுக்குச் சரியாகப் பாதி. ஹாலியாவுக்குச் சரியாகக் கால். ஆகவே எஸெரா கையெழுத்திட்ட மறுநாள் இறந்தால் மனை ஹாலியாவுடையது. முதல் நாள் இறந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை.

எஸெரா நான்காண்டுகளாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்தார். அந்த ஆகஸ்டில் இதயமும் தளர்ந்தது. மருத்துவர் நாள் எதுவும் குறிக்கவில்லை. ஆனால் பேச்சுக்குப் பேச்சு "அடுத்த வருஷம்" என்று சொல்லும் அந்த மருத்துவர், இப்போது அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். ஹாலியா அதைக் கவனித்தாள்.

குழாய்ப் பணியில் அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்தக் கரையின் மணலில் எங்கே தோண்டினாலும் முன்னோரின் எலும்புகள் தென்படக்கூடும். எனவே பொக்லைன் தோண்டும்போது பள்ளத்தின் விளிம்பில் ஒருவர் நின்று ஒவ்வொரு பக்கெட் மண்ணையும் பார்க்க வேண்டும். அவர் கையைத் தூக்கினால் இயந்திரம் நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒன்பதாண்டுகளாக அவள் செய்துவந்த வேலை அது. ஆறு முறை கையைத் தூக்கியிருந்தாள். அவற்றில் ஒன்றுகூட அவள் தகப்பனின் மனைக்குப் போகும் பாதையில் அமைந்ததில்லை.

செப்டம்பர் ஆறு, வியாழக்கிழமை. பொக்லைன் ஓட்டியவன் டெல்ஃபின் என்ற பிலிப்பினோ இளைஞன். காலை முதல் அவன் உற்சாகமாக இருந்தான்.

"ஆன்ட்டி, இதே வேகத்துல போனா அடுத்த புதனுக்குள்ள கடல்ல கால் நனைச்சிடலாம். எஸெரா அங்கிள் வீட்டு விருந்துல எனக்கு ரெண்டு தட்டு, சொல்லிட்டேன்."

"மொதல்ல நேரா தோண்டு. குடிச்சவன் வீட்டுக்கு நடந்த மாதிரி இருக்கு உன் பள்ளம்."

"என் பள்ளத்தக் குத்தம் சொன்னா மூணு தட்டு."

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பக்கெட் மேலே வந்தபோது, பள்ளத்தின் சுவரில் வெளிர்பழுப்பு நிறத்தில் உள்ளங்கையளவு வளைவு ஒன்று தெரிந்தது. ஐம்பத்துமூன்றாம் மனையின் எல்லைக்கல்லுக்கு நேராக, ஓராள் ஆழத்தில். டெல்ஃபினின் இருக்கையிலிருந்து அது தெரியாது. மேற்பார்வையாளர் கேரி நகாமினே தொலைவில், தம் வண்டியருகே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

ஹாலியாவின் கை எழவில்லை.

பக்கெட் மறுபடியும் இறங்கியது, மணலை அள்ளியது, எழுந்து திரும்பிக் குவியலில் கொட்டியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மாலைக்குள் குழாய் இறங்கிவிடும், அதன்மேல் மணல் மூடிவிடும் என்று நினைத்தாள். நவம்பர் பதினேழுக்கு இன்னும் எத்தனை நாள் என்றும் நினைத்தாள். இரண்டு நிமிடம் ஆயிற்று. பக்கெட் அடுத்த முறை இறங்கத் தொடங்கியபோது கை எழுந்தது.

இயந்திரம் நின்றது. டெல்ஃபின் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். நகாமினே ஓடிவந்தார்.

"வேரா இருக்கப் போகுது ஹாலியா. முள்மரத்து வேரு இப்படித்தான் வளைஞ்சு கெடக்கும்."

"வேருக்குப் பல்லு இருக்காது கேரி."

ஹாலியா பள்ளத்தின் விளிம்பில் முழந்தாளிட்டு, அங்குள்ள முறைப்படி முதலில் தன்னை அறிவித்தாள். தன் பெயர், தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர் என்று ஏழு தலைமுறை சொன்னாள். வழக்கத்தைவிடக் குரல் தாழ்ந்திருந்தது. பிறகு இறங்கி, வெள்ளைத் துணியால் மூடி, அதன்மேல் பச்சை இலைகளைப் பரப்பினாள். கடைசியாகக் கொட்டிய குவியலை அவளும் டெல்ஃபினும் கையாலேயே சலித்தார்கள். சிறிய எலும்புகள் மூன்று கிடைத்தன. அவற்றையும் துணிக்கடியில் சேர்த்தாள்.

பணிப் பதிவேட்டில் அவள் எழுதியது: பார்த்த நேரம் 9.10, கை தூக்கிய நேரம் 9.12.

நகாமினே அதை வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு நேரம் எழுதினாப் போதுமே. எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு நேரம் இருந்துச்சு கேரி."

வேலை நின்றது. அடுத்த திங்கட்கிழமை அரசின் புதைவிடக் குழுவிலிருந்து ஓர் இளைய அதிகாரி வந்தார். அந்தக் கரையில் முன்பு வாழ்ந்த குடும்பங்களில் மூத்தவர் எஸெராதான். ஆகையால் அவர் சொல்லை முதலில் கேட்க வேண்டும். ஹாலியா அவரை வண்டியில் அழைத்துவந்து நிறுத்தினாள். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பள்ளத்தைப் பார்ப்பதற்கு முன் சாலையைப் பார்த்தார்.

"யாருடா போட்டது இந்த ரோட்ட? நடுவுல மேடா முதுகே இல்ல. மழ பேஞ்சா வாத்துதான் நீந்தும்."

"சரிபண்ணிடறோம் அங்கிள்," என்றார் நகாமினே.

அதிகாரி நிலைமையை விளக்கினார். எலும்புகளை முறைப்படி எடுத்து வேறிடத்தில் வைத்தால் இரண்டு வாரத்தில் வேலை தொடங்கலாம். இருக்கும் இடத்திலேயே விட்டால் குழாயைச் சாலைக்கடியில் வளைத்துக் கொண்டுபோக வேண்டும். புது வரைபடம், புது அனுமதி.

"அதுக்கு எவ்ளோ நாளாவும்?"

"ஜனவரி முடிஞ்சிடும் அங்கிள்."

ஹாலியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றார் எஸெரா.

"தெரியாது அங்கிள்."

"எனக்கும் தெரியாது. முப்பத்தாறு வருஷமா இந்த எடத்துக்குக் குடிவரணும்னு வரிசைல நிக்கிறேன். வந்ததும் வராததுமா, இங்க இருக்கிறவங்களக் கெளப்பிவிடச் சொல்றியா? வுட்டுடு. இருக்கட்டும்."

திரும்பும் வழியில் ஹாலியா வெடித்தாள்.

"ஜனவரின்னா என்னன்னு தெரியுதா அப்பா? டாக்டர் உங்ககிட்டப் பேசறத நீங்க கேக்கறதே இல்லியா?"

"கேக்குது. காதுதான் பாதி போச்சு, மூள போகல."

"பின்ன? எனக்கு எதுவும் இல்லாமப் போவும். திரும்பக் கொட்டகை, திரும்ப வாடகை."

"நீதானடி கையத் தூக்கின?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "உடனே தூக்கல அப்பா. ஒரு பக்கெட் போகவிட்டேன்."

எஸெரா கடல் பக்கம் திரும்பினார். "தெரியும். பதிவேட்டுல ரெண்டு நேரம் எழுதியிருக்கன்னு டெல்ஃபின் சொன்னான். நீயா சொல்றியா பாக்கலாம்னு இருந்தேன்," என்றார். பிறகு, "வண்டிய எடு. பசிக்குது," என்றார்.

அன்று மாலை ஹாலியா மனை வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். நின்றுபோன அறுபது மீட்டர், கடற்கரையோரத்துக் கடைசி ஆறு மனைகளுக்கு மட்டுமே தண்ணீர் கொண்டுபோவது. எஸெரா வசந்தகாலத்திலேயே தேர்ந்தெடுத்திருந்த ஐம்பத்தைந்தாம் மனை அந்த ஆறில் ஒன்று. அவருடைய தகப்பன் வலைவீசிய இடம் அதற்கு நேரெதிரே. மேலே ஐம்பத்திரண்டு மனைகளுக்குக் குழாய் ஏற்கெனவே பதித்தாகிவிட்டது. அவற்றுள் நான்காம் மனையை ஒருவரும் எடுக்கவில்லை. பாறை நிலம், போதாதென்று பம்ப் அறைக்கு அடுத்த மனை.

மறுநாள் அவள் துறைக்குத் தொலைபேசினாள். மேற்பகுதியை மட்டும் தனியாக ஏற்க நிர்வாகம் இசையக்கூடும். குழாய் அழுத்தச் சோதனையில் தேற வேண்டும். மனை மாற்றக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும் என்றார்கள். எஸெரா சேம்புக் களியும் கருவாடும் தின்றுகொண்டிருந்தபோது கடிதத்தை முன்னால் வைத்தாள்.

"பம்ப் ரூம் பக்கத்துலயா? ராவும் பகலும் லொட லொடன்னு. இதுக்கா இத்தன வருஷம்?"

"கடலு மேலேர்ந்தும் தெரியும் அப்பா."

"தெரியும். எட்டாது."

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. அவள் மறுபடியும் கேட்கவில்லை. கடிதம் மேசையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் பேனாவைக் கேட்டார்.

"எனக்கு என்ன? கிரேடர்லயே காது போச்சு. பம்ப் சத்தம் உனக்குத்தான் கேக்கப் போவுது. அந்த ஒரு பக்கெட்டுக்கு அபராதம்னு வச்சுக்க."

அக்டோபரில் எஸெரா இரண்டு முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பர் பன்னிரண்டில் மூன்றாம் முறை. பதினான்காம் நாள் அழுத்தச் சோதனை. குழாயில் நீரை நிரப்பி, வால்வுகளை அடைத்து, அழுத்தத்தை ஏற்றி, இரண்டு மணி நேரம் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கக்கூடாது. நாற்பதாவது நிமிடத்தில் இறங்கியது. முப்பத்தோராம் மனையருகே தீயணைப்புக் குழாயின் இணைப்பில் கசிவு. டெல்ஃபின் அன்றே தோண்டினான், ரப்பர் வளையத்தை மாற்றினார்கள், பள்ளத்தை மூடவில்லை.

பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை, மறு சோதனை. ஹாலியாவுக்கு அன்று அங்கே வேலையில்லை. ஆனாலும் வந்து மானியின் முன் நின்றாள். திறந்த பள்ளத்துக்குள் நகாமினே குனிந்து, இணைப்பைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். ஹாலியாவின் தொலைபேசி ஒலித்தது. மருத்துவமனை எண். அவள் எடுக்கவில்லை. மறுபடியும் ஒலித்தது.

"எடுங்க ஆன்ட்டி," என்றான் டெல்ஃபின். "முள்ள நான் பாக்கறேன். எறங்கினா முறைச்சே மேல ஏத்திடறேன்."

எடுத்தாள். மூச்சுத் திணறல், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், நோயாளி நாளைக்கு வெளியே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார், உறவினர் கையெழுத்து வேண்டும் என்றது மறுமுனை. "போடறேன்," என்றாள் ஹாலியா. "அவர எங்கயும் போகவிடாதீங்க. நானே வந்து கூட்டிப் போறேன்."

பதினொன்று நாற்பதுக்கு மாவட்ட ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மானியைப் பார்த்து, படிவத்தில் கையெழுத்திட்டார். முள் அசையவில்லை.

சனிக்கிழமை, சமூகக் கூடம். சக்கர நாற்காலியில், ஆக்ஸிஜன் உருளையுடன் எஸெரா வந்தார். பெயர் கூப்பிட்டதும் பத்திரத்தை முன்னால் வைத்தார்கள். பேனா இரண்டு முறை நழுவியது. துறைப் பெண் குனிந்து, "அங்கிள், முடியலன்னா கைரேகை வச்சிடலாமா?" என்று கேட்டாள்.

"பத்து டன் வண்டி ஓட்டின கை இது. கொஞ்சம் பொறு, கியர் மாத்திக்கறேன்."

கையெழுத்து கோட்டிலிருந்து கீழே சரிந்தது. ஆனால் முழுப் பெயரும் இருந்தது. அடுத்த தாளில், வாரிசு என்ற இடத்தில், ஹாலியாவின் பெயரை எழுதவைத்து அதிலும் கையெழுத்திட்டார்.

எஸெரா நைஹெ டிசம்பர் மூன்றாம் நாள் காலமானார்.

குழாயின் வளைவு வேலை ஜனவரி இருபத்தொன்பதில் முடிந்தது. எலும்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடைசி ஆறு மனைகளுக்குக் கையெழுத்து மார்ச் இரண்டாம் நாள் என்று குறிக்கப்பட்டது. அவற்றுள் ஐம்பத்தேழாம் மனைக்குரியவர் டோர்கஸ் கமாகா, வயது எழுபத்தொன்பது. 1980இல் மனுக் கொடுத்தவர். அவர் பிப்ரவரி எட்டாம் நாள் இறந்தார். அவருடைய மகனுக்கும் காற்பங்குதான்; மனை கிடைக்கவில்லை.

ஹாலியா அந்த இறுதிச் சடங்குக்குப் போனாள். பின்வரிசையில் நின்றாள். மகன் வாசலில் ஒவ்வொருவராக அணைத்து விடைகொடுத்துக்கொண்டிருந்தான். அவளையும் அணைத்தான்.

"நீங்க செய்யவேண்டியதத்தான் செஞ்சீங்க ஆன்ட்டி," என்றான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"உங்கம்மா பேரச் சொல்லுப்பா. முழுப் பேரு," என்றாள் அவள். அவன் சொன்னான். அவள் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நான்காம் மனை ஹாலியாவின் பெயருக்கு மாறியது 2019 ஜூன் பதினொன்றில். அதன் குத்தகைக் காலம் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள். டோர்கஸ் கமாகா காத்திருந்தது முப்பத்தொன்பது ஆண்டுகள்.