அறுபத்து நாலு கட்டு

கோட்டாற்றிலிருந்து திருநெல்வேலிக்குச் சாமான் அனுப்ப வேண்டியவர்கள் முதலில் தேடுவது ரசலையனைத்தான். மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். 1924இல் வண்டிப்பேட்டையில் மாட்டுவண்டிகளுக்கு முறை வைத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். எந்தக் காளைக்குக் கால் நொண்டுகிறது, எந்த வண்டிக்காரன் பணகுடியில் கள்ளுக்கடையைப் பார்த்தால் இறங்கிவிடுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதற்கேற்ப யாரை முன்னால் விடுவது, யாரைப் பின்னால் விடுவது என்று முடிவு செய்வார். அவர் அனுப்பிய சாமான் சொன்ன நாளில் போய்ச் சேரும் என்று பெயர்.

ஆறு வருடம் கழித்து லாரி வந்தது. ஒரு முதலாளி இரண்டு லாரி வாங்கி, பேட்டைக்கு எதிரிலேயே ஆபீஸ் போட்டு, ரசலையனைக் கணக்கெழுதும் ரைட்டராக வைத்துக்கொண்டார். லாரி ஓட்ட ஆள் வேண்டுமென்றபோது ரசலையன் முத்துநாயகத்தைக் கூட்டி வந்தார். அவன் வண்டிக்காரன், ரசலையன் போகும் அதே சபையைச் சேர்ந்தவன், குடிப்பழக்கம் கிடையாது. ‘மாட்ட விட்டுட்டு இதப் படி, உனக்கு நல்ல காலம்’ என்று சொல்லி அவனைச் சம்மதிக்க வைத்தவரே ரசலையன்தான்.

கோட்டாற்றை ஒட்டிய நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் கிடையாது. மெட்ராசுக்கோ தூத்துக்குடிக்கோ போகவேண்டிய எதுவும் திருநெல்வேலி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்த்தான் ரயிலேற வேண்டும். நாலு மணிக்கு மேல் அங்கே சாமான் வாங்க மாட்டார்கள். நடுவில் ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் எல்லைச் சௌக்கை. அங்கே லாரியை நிறுத்தி, சரக்குச் சீட்டைக் காட்டி, கட்டுகளை எண்ணிப் பார்த்துத்தான் விடுவார்கள். அதனால் ரசலையன் தினமும் நாலு மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவார். சௌக்கையில் இவ்வளவு நேரம், வள்ளியூரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இவ்வளவு நேரம் என்று கழித்துக்கொண்டே வந்து, ஒன்பதரைக்குள் லாரி பேட்டையை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்பார். திரும்பி வருகையில் வண்டி காலியாக வரக்கூடாது. மிளகாயோ பருத்தியோ உள்ளியோ ஏற்றுவதற்கு அங்கே ஆள் தயாராக நிற்கவேண்டும். அதற்கும் இரண்டு நாள் முன்பே கடிதம் போட்டிருப்பார்.

லோடு ஏற்றுவதிலும் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கருப்பட்டிச் சிப்பமும் கடியப்பட்டணத்துக் கருவாடும் அடியில். பாயும் தும்பு என்கிற பனைநாரும் மேலே. ஆடி மாதத்தில் மட்டும் உயரமாக எதையும் ஏற்ற விடமாட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்போது ரோட்டில் ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது.

1934, ஆடி மாதம். தூத்துக்குடியில் மறுநாள் கப்பலேற வேண்டிய பனந்தும்பு அறுபத்து நாலு கட்டு கோட்டாற்றில் கிடந்தது. அதற்கு அடியில் போடுவதற்கென்று சொல்லி வைத்திருந்த கருப்பட்டி வந்து சேரவில்லை. இன்னொரு லாரி அச்சு முறிந்து பட்டறையில் நின்றது. தும்பு வியாபாரி காலையிலேயே வந்து முதலாளியிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். முதலாளி ரசலையனிடம், எப்படியாவது இன்றைக்கு முழுவதும் போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னார். எப்படி என்பது ரைட்டர் பாடு.

ரசலையன் அறுபத்து நாலையும் ஏற்றச் சொன்னார். ஏற்றி முடித்தபோது லாரி வைக்கோற்போர் மாதிரி நின்றது. முத்துநாயகம் அதைச் சுற்றி வந்து கயிறுகளை இழுத்துப் பார்த்தான்.

“அண்ணே, அடியில கனம் ஒண்ணும் இல்லியே. தோவாள தாண்டுனா காத்து வண்டியத் தள்ளிப்போடும். நாப்பது கட்டு கொண்டுபோறேன். மிச்சம் நாளைக்குப் பாப்போம்.”

“நாளைக்குக் கப்பல் போயிரும் மக்கா.”

“அப்பம் அடியில கொஞ்சம் கல்லாவது போட்டுத் தாங்க.”

கல் போடுவதென்றால் அத்தனையையும் இறக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும். ரசலையன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது நாற்பது. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றார். முத்துநாயகம் கயிறுகளை மறுபடியும் இறுக்கிக் கட்டினான். சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினான்.

பன்னிரண்டு மணிக்கு முன்பே திருநெல்வேலி பஸ்ஸில் வந்தவர்கள் செய்தி சொன்னார்கள். தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில், மரமில்லாத வெட்டவெளியில், காற்று லாரியைப் பக்கவாட்டில் சாய்த்து ஓடைக்குள் தள்ளியிருந்தது. டிரைவர் அடியில் மாட்டிக்கொண்டான். சுற்று வயலில் நின்றவர்கள் ஓடி வந்து வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

முதலாளி ரசலையனைத் தனியாகக் கூப்பிட்டார். போலீஸ் வந்தால் இவ்வளவு ஏற்றச் சொன்னது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள், ஜெயிலுக்குப் போவது ரைட்டர்தான் என்றார். நாற்பது கட்டுதான் நாம் ஏற்றி அனுப்பினோம். போகிற வழியில் வேறு யாருக்கோ கைக்காசுக்காக இருபத்து நாலு கட்டு டிரைவரே ஏற்றிக்கொண்டான். அவர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். தும்பு வியாபாரியைத் தான் சரிக்கட்டிக்கொள்வதாகவும் சொன்னார். லாரி சௌக்கைக்குப் போய்ச் சேராததால் எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சீட்டு மட்டும் போலீஸ் கையில் சிக்கக்கூடாது.

ரசலையன் அடுத்த பஸ்ஸில் போனார். முத்துநாயகத்தை ரோட்டோரம் கிடத்திச் சாக்கால் மூடியிருந்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். நான் லாரி ஆபீஸ் ஆள், முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ரசலையன் சொன்னார். குனிந்து சாக்கை விலக்கியவர், அவன் நெஞ்சில் கை வைத்து அழுகிறவர் மாதிரி, பையிலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டார். அவர் அழவும் செய்தார், அது பொய்யில்லை. சீட்டு நனைந்திருந்தது. ஆபீசுக்கு வந்து அடுப்பில் போட்டுவிட்டு, நாற்பது கட்டென்று வேறொன்று எழுதினார். போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்தும் போட்டார். லோடு ஏற்றின நாலு பேரையும் யாரும் கேட்கவில்லை. அவர்களும் தாமாகச் சொல்லவில்லை.

முத்துநாயகம் கள்ளத்தனமாகச் சரக்கேற்றிச் செத்தான் என்பது ஊர்ப்பேச்சாயிற்று. அவன் மகள் பூங்கனிக்குப் பக்கத்துத் தெருவில் கல்யாணம் உறுதியாகியிருந்தது. திருடன் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். நாலு மாதம் பார்த்துவிட்டு, முத்துநாயகத்தின் மனைவி தாணம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு பாலமோர் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ளப் போனாள்.

ரசலையன் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் லோடு விஷயத்தில் கை ஓடவில்லை. எழுதியதைத் திரும்பத் திரும்ப எண்ணுவார். டிரைவர் கிளம்பிய பிறகு பின்னாலேயே ஓடி நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்ட மனைவி ரத்தினத்திடம் உடம்பு சரியில்லை என்றார்.

மறு வருடம் பங்குனியில் அவர் மலைக்கு ஏறிப் போனார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் தாணம்மாள் இருந்தாள். காய்ச்சலில் படுத்து எழுந்த பூங்கனி மெலிந்துபோய், மொட்டைத் தலையோடு உள்ளே கிடந்தாள். ரசலையன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கல் கேட்டதையும், சட்டைப்பையில் கை விட்டதையும் மறைக்கவில்லை.

“அவரு கள்ளன் இல்லண்ணு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பதினெட்டு வருசம் கூட இருந்தவ நான். எனக்குச் சொல்லாண்டாம். ஊருக்குப் போய்ச் சொல்லுங்க.”

குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் ரசலையன் எழுந்து, போதகரான ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டார். கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லப் போகிறார் என்று நினைத்து ஐயர் தலையசைத்தார். சபை முழுவதும் கேட்கும்படி அவர் சொன்னார்: “முத்துநாயகம் ஒரு கட்டும் களவா ஏத்தல. அறுவத்து நாலும் நான் ஏத்தச் சொன்னது. வேண்டாம்ணு அவன் சொன்னான்.” சபையார் கடைசிப் பாட்டை அரைகுறையாகப் பாடிவிட்டுக் கலைந்தார்கள். திங்கட்கிழமை அவருக்கு வேலை போயிற்று.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தடவை விரட்டினார்கள். முடிந்த கேஸ், பேசாமல் போவும் என்றார்கள். கடைசியில் மாஜிஸ்திரேட்டுக்குத் தன் கையாலேயே மனு எழுதினார். ரத்தினம் அதைக் கிழிக்கப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்டாள். அவர் மனுவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கோர்ட்டில் கொடுத்தார். விசாரணையில் முதலாளி, எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் ரைட்டர் செய்தது என்றார்; அவரை விட்டுவிட்டார்கள். லோடு ஏற்றினவர்களில் ஒருவன் மட்டும் வந்து அறுபத்து நாலுதான் என்று சொன்னான். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கும் சீட்டை அழித்ததற்கும் ரசலையனுக்கு ஆறு மாதம் கடுங்காவல் கிடைத்தது.

தாணம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு, சபையில் ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியாரைக் கூட்டிப்போய், மாப்பிள்ளை வீடு இருந்த தெருவில், நடு வெயிலில் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொன்னாள். அந்தப் பையனுக்கு அதற்குள் வேறிடத்தில் கல்யாணமாகியிருந்தது. ஆட்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். டிரைவர் பேரில் குற்றமில்லை என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்க வைத்தாள். பிறகு நகலை மடித்து மடியில் செருகிக்கொண்டு அன்றைக்கே மலைக்குத் திரும்பினாள். ஜெயில் பக்கம் போகவில்லை.

ரசலையன் வெளியே வந்தபோது எந்த லாரி ஆபீசும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளிமார் சொல்வதைக் கேட்காத ரைட்டர் யாருக்கு வேண்டும்? ரத்தினம் பிள்ளைகளோடு அஞ்சுகிராமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள், கூப்பிட்டும் வரவில்லை. அவர் கோட்டாற்றுக் கருப்பட்டி மண்டியில் சிப்பம் சுமந்தார். நாற்பத்தைந்து வயதில் பழகாத முதுகு அது. 1938 கார்த்திகை மழையில் நிமோனியா கண்டு, தர்ம ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மண்டியில் கூடச் சுமந்தவர்கள். பூங்கனி மலையிலேயே ஒரு கங்காணியின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.